ஒரு பெண்ணுக்காக உலகத்தையே கைவிட்டவன்!

வீடியோ கேம் என்றாலே நம் வீடுகளில் பெரியவர்களுக்கு எரிச்சல்தான். "எந்நேரமும் டுமீல், டுமீல்! படிக்கிற பிள்ளைக்கு இது தேவையா?" என்று அம்மா சத்தம் போடுவாள். வேலை முடிந்து வரும் அப்பா, முதல் காரியமாக செல்போனைப் பிடுங்கி அலமாரிக்குள் வைப்பார்.

அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. சுடுவது, எண்ணிக்கை ஏற்றுவது, மறுபடி சுடுவது என்ற ரகத்தில் வருகிற விளையாட்டுகள் ஏராளம்.

ஆனால், அதே டுமீல் கூட்டத்தில் இருந்து வேறு மாதிரி ஒரு விளையாட்டும் வந்தது. அதை ஆடி முடித்தவர்கள் கைக்கருவியைக் கீழே வைத்துவிட்டு, பெயர்கள் ஓடும் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டார்கள். "செய்தது சரியா, தப்பா?" என்று தங்களையே கேட்டுக்கொண்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தக் கேள்வி ஓயவில்லை.

விளையாட்டின் பெயர் 'தி லாஸ்ட் ஆப் அஸ்'. 'நம்மில் மிஞ்சியவர்கள்' என்று தமிழில் சொல்லலாம். 2013-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி, சோனி கம்பெனியின் பிளேஸ்டேஷன்-3 கருவிக்காக வெளிவந்தது. தயாரித்தது, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் சான்ட்டா மோனிக்காவில் உள்ள 'நாட்டி டாக்' நிறுவனம். குறும்புக்கார நாய் என்று அர்த்தம். பெயர்தான் விளையாட்டுத்தனம்!

கதையின் முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேச வழியில்லை. இனிமேல்தான் ஆடப் போகிறோம் என்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எறும்பு போட்ட விதை

இந்தக் கதைக்கு விதை போட்டது ஓர் எறும்பு.

பி.பி.சி. எடுத்த 'பிளானட் எர்த்' என்ற இயற்கைப் படத்தில் ஒரு காட்சி வரும். காட்டில் ஓர் எறும்பின் உடம்புக்குள் பூஞ்சை ஒன்று புகுந்துகொள்கிறது. எறும்புக்குப் புத்தி மாறுகிறது. கூட்டத்தை விட்டு விலகி, செடியில் ஏறி, கவ்விப் பிடித்தபடியே செத்துப் போகிறது. பிறகு அதன் தலையைப் பிளந்துகொண்டு ஒரு காம்பு முளைக்கிறது. அதில் இருந்து உதிரும் தூள் மற்ற எறும்புகளையும் பிடிக்கிறது.

இது கட்டுக்கதை அல்ல. ஆல்பிரட் ரசல் வாலஸ் என்ற இங்கிலாந்து அறிஞர் 1859-லேயே இந்த இனப் பூஞ்சையைக் கண்டெடுத்திருக்கிறார். இதன் பங்காளி ஒன்று நம் நாட்டிலும் உண்டு. உத்தரகாண்ட் மலைகளில், மண்ணுக்குள் இருக்கும் புழுவின் தலையில் முளைக்கும் 'கீடா ஜடி'தான் அது. மருந்துச் சரக்கு என்று அதற்குக் கொள்ளை விலை. பனி விலகியதும் மலைவாசிகள் குடும்பத்தோடு போய், புல் தரையில் தவழ்ந்து தேடி எடுக்கிறார்கள்.

எறும்புக்கு வந்தது மனிதனுக்கு வந்தால்? நாட்டி டாக்கில் வேலை பார்த்த நீல் டிரக்மன், புரூஸ் ஸ்ட்ரேலி இருவரும் கேட்ட கேள்வி இதுதான். கதை எழுதியவர் டிரக்மன். அவர் இஸ்ரேலில் பிறந்து, சிறு வயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்.

உண்மையில் அந்த எறும்புப் பூஞ்சை மனிதனைப் பிடிக்காது. நம் உடம்பின் 37 டிகிரி சூடு பெரும்பாலான பூஞ்சைகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதற்காக அலட்சியமாகவும் இருந்துவிட முடியாது. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது 'கருப்புப் பூஞ்சை' எத்தனை பேருடைய கண்ணைப் பறித்தது என்பது இங்குள்ள ஆஸ்பத்திரிகளுக்குத் தெரியும்.

ஓடாத கடிகாரம்

கதை 2013 செப்டம்பரில், டெக்சாஸ் மாநிலத்தில் தொடங்குகிறது. ஜோயல் கட்டிட வேலை பார்த்துப் பிழைப்பவன். மனைவி கூட இல்லை. மகள் சாராவுக்குப் பன்னிரண்டு வயது. அன்று அப்பாவின் பிறந்த நாள். அலுத்துப்போய் நள்ளிரவில் வீடு திரும்பியவனுக்கு, காத்திருந்த மகள் ஒரு கைக்கடிகாரம் பரிசு கொடுக்கிறாள்.

ஆட்டத்தில் முதலில் கைக்கு வருவது அப்பா அல்ல, அந்தப் பெண்தான். நடு இரவில் விழித்து, இருட்டு வீட்டில் ஒவ்வொரு அறையாக அப்பாவைத் தேடிப் போகிறாள். அவளை நடக்க வைப்பது ஆடுபவரின் விரல். அவளுடைய பயம் அப்படியே விரலில் ஏறிவிடுகிறது.

ஊரே பற்றி எரிகிறது. கார் மோதிக் கவிழ்கிறது. காலில் அடிபட்ட மகளை ஜோயல் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். இப்போது ஆடுபவர் கையில் இருப்பது ஜோயல். இரண்டு கையிலும் பிள்ளை இருப்பதால் எதிர்த்து அடிக்க முடியாது, சுட முடியாது. ஓடத்தான் முடியும். ஊர் எல்லையில், மேலிடத்து உத்தரவை வாங்கிக்கொண்டு ஒரு சிப்பாய் சுடுகிறான். சாரா அப்பா மடியிலேயே போய்விடுகிறாள்.

ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம்தான் ஆகியிருக்கும்!

அடுத்த காட்சி இருபது ஆண்டு கழித்து, பாஸ்டன் நகரில். ராணுவக் காவலுக்குள், ரேஷன் சீட்டில் காலம் தள்ளும் கூட்டத்தில் ஜோயலும் ஒருவன். கடத்தல் தொழில். தாடி நரைத்து, மனசு மரத்துப் போயிருக்கிறது. மணிக்கட்டில் அதே கடிகாரம். கண்ணாடி உடைந்து, முள் ஓடாமல் நிற்கிறது. ஏன் அதைக் கழற்றவில்லை என்று கதையில் யாரும் விளக்கம் சொல்வதில்லை. பார்ப்பவர்களுக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை.

அவனிடம் ஒரு சரக்கு வந்து சேர்கிறது. பதினாலு வயதுப் பெண், பெயர் எல்லி. நோய் வந்தவன் கடித்தும் அவளுக்கு நோய் வரவில்லை. அவள் உடம்பில் மருந்து இருக்கலாம். ராணுவத்தை எதிர்க்கும் 'மின்மினிகள்' என்ற கூட்டத்திடம் அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பார்சல் ஆபீசில் மூட்டையை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவது போன்ற வேலை என்றுதான் அவன் கிளம்புகிறான்.

பாஸ்டனில் புறப்பட்ட பயணம் சால்ட் லேக் சிட்டியில் முடிகிறது. சாலை வழியே சுமார் 3,800 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் இருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் ஓடும் தூரத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அந்த ரயிலில் போய் வந்தவர்களுக்குத்தான் இந்தத் தூரம் புரியும். இவர்கள் இதில் பெரும் பகுதியை நடந்தும் குதிரையிலும் கடக்கிறார்கள். கோடையில் தொடங்கும் பயணம் இலையுதிர் காலம், பனிக்காலம் தாண்டி வசந்தத்தில் முடிகிறது.

ஏணியும் மரத்தட்டும்

எல்லியின் மேல் ஆடுபவர்களுக்கு எப்படி அத்தனை பிரியம் வருகிறது? அழகு வசனத்தால் அல்ல. வேலை செய்து செய்துதான் வருகிறது.

எல்லிக்கு நீச்சல் தெரியாது. வழியில் தண்ணீர் குறுக்கிட்டால், சரக்கு அடுக்கும் மரத்தட்டு ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து, அதில் அவளை நிற்க வைத்து, ஜோயல் நீந்தியபடியே தள்ளிக்கொண்டு போக வேண்டும். உயரமான சுவர் வந்தால் அவளைக் கையால் ஏந்தி மேலே ஏற்றிவிட வேண்டும். அவள் ஏறிப்போய் ஏணியைக் கீழே இறக்குவாள். இதே வேலை திரும்பத் திரும்ப வரும். 'என்னடா இது, மறுபடியும் மரத்தட்டா?' என்று அலுத்துக்கொண்டவர்கள் பலர். அலுப்புதான். பிள்ளையைத் தினமும் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவதும் அலுப்பான வேலைதான்!

கையிருப்போ எப்போதும் பற்றாக்குறை. ஒரு துப்பாக்கியில் நாலு குண்டு இருந்தால் அன்று ராஜயோகம். பழைய துணியும் சாராய பாட்டிலும் கிடைத்தால், அதைக் கொண்டு காயத்துக்குக் கட்டுப் போடும் மருந்தும் செய்யலாம், எதிரிமேல் வீசும் தீப்பாட்டிலும் செய்யலாம். இரண்டும் செய்யச் சரக்குப் போதாது. மாதக் கடைசியில் மிச்சம் இருக்கும் பணத்தை மணியார்டர் அனுப்புவதா, மளிகைக் கடனைக் கட்டுவதா என்று யோசித்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

நோய் முற்றியவர்களில் ஒரு வகைக்குக் கண் கிடையாது. முகமெல்லாம் பூஞ்சை வெடித்து மூடியிருக்கும். 'டக் டக்' என்று தொண்டையில் ஒலி எழுப்பி, சத்தத்தை வைத்தே ஆளைப் பிடிக்கும். அவை இருக்கும் இடத்தில் மூச்சை அடக்கி, ஓரமாக நகர வேண்டும். செங்கல்லையோ காலி பாட்டிலையோ தூர எறிந்து அவற்றின் கவனத்தைத் திருப்ப வேண்டும். இதில் வீரம் ஒன்றும் இல்லை. பயந்து பயந்து பிழைப்பதுதான்.

இதற்கு நடுவே எல்லி பேசிக்கொண்டே வருவாள். உலகம் அழிந்த பிறகு பிறந்தவள். பழைய உலகம் அவளுக்கு அதிசயம். ஒரு வீட்டில் யாரோ ஒரு பெண் எழுதிய டைரி கிடைக்கிறது. எந்தச் சட்டை போடுவது, எந்தப் பையனைப் பிடிக்கும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. இதற்கெல்லாமா அந்தக் காலத்தில் கவலைப்பட்டார்கள் என்று வியக்கிறாள். சீட்டி அடிக்கப் பழகுகிறாள். நகைச்சுவைத் துணுக்குப் புத்தகம் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, படு மோசமான ஜோக்குகளாகப் படித்துக் காட்டுகிறாள். ஆடுபவர் நின்று கேட்டால் படிப்பாள். அவசரமாக ஓடினால் கிடையாது. இந்த விளையாட்டில் நல்லவை எல்லாம், நின்று பார்ப்பவர்களுக்குத்தான்.

சாக்கடைக்குள் ஒரு குடும்பம்

அதற்கு நல்ல உதாரணம், பிட்ஸ்பர்க் நகரத்தை ஒட்டி வரும் ஒரு கிளைக்கதை. அதன் நாயகன் ஒரு தடவைகூடத் திரையில் வருவதில்லை!

கரை ஒதுங்கிய படகில் ஒரு கடிதம் கிடக்கும். இஷ் என்பவன் எழுதியது. நோய் பரவியபோது கடலுக்குத் தப்பி ஓடியவன், பல நாள் தனிமை தாங்காமல் கரைக்குத் திரும்பியிருக்கிறான். அருகில் உள்ள நிலத்தடிச் சாக்கடைக் குழாய்களுக்குள் போனால் அடுத்த கடிதம். அங்கே அவன் பதுங்கியிருந்ததும், குழந்தைகளோடு வந்த ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டதும் அதில் தெரிகிறது. இன்னும் உள்ளே போனால் மழைநீர் பிடிக்கும் ஏற்பாடு, குழந்தைகளுக்கு ஒரு வகுப்பறை, சுவரில் அவர்கள் வரைந்த படங்கள். சாக்கடைக்குள் ஒரு ஊரே நடந்திருக்கிறது.

கடைசியில் ஓர் அறை. யாரோ ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டதில் எல்லாம் முடிந்துபோயிருக்கிறது. அந்த அறையில் துணி போட்டு மூடிய சின்னச் சின்ன உடல்கள். பிள்ளைகள் வலி தெரியாமல்தான் போனார்கள் என்று தரையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

யாரும் அழுவதில்லை, இசை உயர்வதில்லை. அந்தக் காகிதங்களை எடுத்துப் படிக்காமலே கடந்து போகிறவர்களும் உண்டு. படித்தவர்களால் அதை மறக்க முடிவதில்லை.

அதே ஊரில் ஹென்றி, சாம் என்ற அண்ணன் தம்பி வழித்துணையாகச் சேர்கிறார்கள். சிறுவன் சாம், ஒரு பொம்மைக் கடையில் பொம்மை ரோபோ ஒன்றை ஆசையாக எடுக்கிறான். வேண்டாததைச் சுமக்கக் கூடாது என்று அண்ணன் போட வைத்துவிடுகிறான். எல்லி அதை ரகசியமாக எடுத்து வந்து பிறகு கொடுக்கிறாள். அடுத்த நாள் காலையில் அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. நோய் கண்ட தம்பியைச் சுட்ட கையாலேயே அண்ணன் தன்னையும் சுட்டுக்கொள்கிறான். திரை இருண்டு, உடனே அடுத்த பருவம் வந்துவிடுகிறது. வெகு நாள் கழித்து வழியில் ஒரு சின்னக் கல்லறையைப் பார்த்ததும், சாமின் கல்லறையில் அந்த ரோபோவை வைக்க மறந்துவிட்டேனே என்கிறாள் எல்லி. பேசாதே என்று ஜோயல் அதட்டுகிறான்.

பனிக்காலம்

கொலராடோவில் ஜோயல் தவறி விழுந்து, கட்டிடக் கம்பி வயிற்றில் பாய்ந்து படுத்த படுக்கையாகிறான். இங்கே ஆட்டம் தலைகீழாக மாறுகிறது. ஆடுபவர் கைக்கு எல்லி வருகிறாள். இதுவரை காப்பாற்றப்பட்ட பெண் இப்போது பனியில் மான் வேட்டையாடி, மருந்துக்கு அலைந்து, அவனைக் காப்பாற்ற வேண்டும்.

டேவிட் என்பவன் தேன் ஒழுகப் பேசி அருகில் வருகிறான். அவன் கூட்டம் மனித மாமிசம் தின்கிற கூட்டம். எரியும் கட்டிடத்துக்குள் அவனிடம் தனியாக மாட்டிக்கொண்ட எல்லி, கையில் கிடைத்த வெட்டுக்கத்தியால் அவனை வெட்டுகிறாள். செத்த பிறகும் நிறுத்தாமல் வெட்டுகிறாள். எழுந்து தள்ளாடி வந்த ஜோயல், அவளை இழுத்து அணைத்து, மகள் சாராவைக் கூப்பிட்ட அதே செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். ஆட்டத்தின் முதல் சில நிமிடங்களில் கேட்ட சொல் அது. கவனித்தவர்களுக்கு நெஞ்சு அடைக்கும்.

இந்தக் காட்சிகளில் இருவரையும் நடித்தவர்கள் டிராய் பேக்கரும் ஆஷ்லி ஜான்சனும். குரல் மட்டும் கொடுக்கவில்லை. உடம்பில் அடையாளப் புள்ளிகள் ஒட்டிய உடை அணிந்து, மேடை நாடகம் போல எதிரெதிரே நின்று நடித்தார்கள். அந்த அசைவுகளைப் பதிவு செய்துதான் பாத்திரங்களை நடமாட விட்டார்கள். இசை, அர்ஜென்டினாவைச் சேர்ந்த குஸ்டாவோ சான்டோலாயா. சினிமா இசைக்காக இரண்டு முறை ஆஸ்கார் வாங்கியவர். ரொன்ரோக்கோ என்ற சின்ன நரம்புக் கருவியையும் கிட்டாரையும் வைத்துக்கொண்டு, பெரிய வாத்தியக் கூட்டம் இல்லாமல் தனிமையைக் காட்டிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் நடந்தது

சால்ட் லேக் சிட்டியில் மின்மினிகளின் ஆஸ்பத்திரி. வரும் வழியில் வெள்ளத்தில் மூழ்கிய எல்லி மயக்கம் தெளியாமல் கிடக்கிறாள். மருந்து எடுக்க வேண்டும் என்றால் அவள் மூளையில் வளர்ந்த பூஞ்சையை வெட்டி எடுக்க வேண்டும். அறுவை முடிந்தால் அவள் பிழைக்க மாட்டாள். உலகம் பிழைக்கலாம்.

ஜோயல் உலகம் வேண்டாம் என்கிறான்.

சினிமாவாக இருந்தால் இங்கே நாம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பார்ப்போம். இங்கே அது நடக்காது. ஒவ்வொரு தாழ்வாரமாகப் போய்ச் சுடுவது ஆடுபவரின் விரல். அறுவை அறைக்குள் டாக்டர் ஒரு சின்னக் கத்தியைப் பிடித்துக்கொண்டு, குறுக்கே நிற்கிறார். அவரைக் கொல்லாமல் கதை நகராது. எத்தனை நேரம் நின்றாலும் நகராது. வேறு வழி இருக்குமா என்று தேடியவர்கள் உண்டு. வழி இல்லை. பொத்தானை அழுத்தத்தான் வேண்டும்.

பிறகு ஜோயல் எல்லியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். இரண்டு கையிலும் பிள்ளை. சுட முடியாது, ஓடத்தான் முடியும். இருபது ஆண்டுக்கு முன் சாராவைத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே ஓட்டம். அன்று தோற்றவன், இன்று எதைக் கொடுத்தும் தோற்கத் தயாராக இல்லை. பதினைந்து மணி நேரம் மரத்தட்டுத் தள்ளி, ஏணி பிடித்து, ஜோக் கேட்டு வந்த ஆடுபவரும் அந்த இடத்தில் அவன் பக்கம்தான் ஓடுகிறார். சரியா என்ற கேள்வி பிறகுதான் வருகிறது.

எல்லி கண் விழித்ததும் ஜோயல் பொய் சொல்கிறான். உன்னைப் போல நோய் பிடிக்காதவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்களாம், ஒன்றும் பலிக்கவில்லையாம், மருந்து தேடுவதையே விட்டுவிட்டார்களாம் என்கிறான். கடைசிக் காட்சியில், சத்தியமாகச் சொல் என்று எல்லி அவனை நிறுத்திக் கேட்கிறாள். அவன் சத்தியம் செய்கிறான். அவள் முகத்தை ஒரு கணம் காட்டுகிறார்கள். நம்பினாளா, நம்பாமலே சரி என்றாளா என்பது அந்த முகத்தில்தான் இருக்கிறது. சரி என்று ஒரே சொல் சொல்கிறாள். திரை இருண்டுவிடுகிறது.

ஜோயல் பக்கம் பேசுகிறவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. மனிதர்களுக்கான பூஞ்சைத் தடுப்பூசி இன்றுவரை ஒன்றுகூட அங்கீகாரம் பெற்றதில்லை. ஒரே ஒரு பெண்ணைக் கொன்று, இடிந்த ஆஸ்பத்திரியில் அதைச் செய்துவிடுவோம் என்பது என்ன நிச்சயம்? மறுபக்கம் சொல்வதோ எளிது: ஒரு உயிரா, ஊர் உலகமா?

இந்த வாதத்தில் இரு தரப்பும் வசதியாக மறந்துவிடும் ஒன்று உண்டு. மின்மினிகளும் அவளைக் கேட்கவில்லை, ஜோயலும் கேட்கவில்லை. மயக்கத்தில் கிடந்தவளைக் கத்திக்குத் தயார் செய்தவர்கள் அவள் விழிக்கும்வரை காத்திருந்தால் கெட்டுப்போவது ஒன்றும் இல்லை. அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பது ஜோயலுக்குத் தெரியும். இத்தனை தூரம் வந்தது வீணாகக் கூடாது என்று அவளே முன்பு சொல்லியிருக்கிறாள். தெரிந்ததால்தான் அவன் பொய் சொன்னான். ஒரு தகப்பன் ஆத்திரத்தில் செய்த கொலையைக்கூட ஜனங்கள் ஒருவேளை பொறுத்துக்கொள்வார்கள். அந்தச் சத்தியத்தை எப்படிப் பொறுப்பது? தாயும் தகப்பனும் பிள்ளையின் நன்மைக்கு என்று சொல்லும் பொய்கள் எந்த ஊரிலும் இந்த ஜாதிதான்.

காலி நகரம்

இரண்டாம் பாகம் 2020 ஜூன் 19-ந் தேதி வந்தது. அந்த நாட்களை மும்பைக்காரர்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. மார்ச் கடைசியில் ரயில்கள் நின்று, சர்ச்கேட் முதல் விரார் வரை தண்டவாளம் வெறிச்சோடிக் கிடந்தது. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொந்த ஊருக்கு நடந்தவர்களை நாடே பார்த்தது. அத்தியாவசியப் பணியாளர்களுக்காக மட்டும் மின்சார ரயில் மறுபடி ஓடத் தொடங்கியது ஜூன் 15-ல். நாலு நாள் கழித்து வெளிவந்த விளையாட்டில் காலி நகரம், மூடிய கடை, அடுத்தவன் மூச்சைக் கண்டு பயப்படும் மனிதர்கள்!

இரண்டாம் பாகத்தின் தொடக்கத்திலேயே ஜோயலை அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். கொல்பவள் ஆபி என்ற பெண். ஆஸ்பத்திரியில் செத்த அந்த டாக்டரின் மகள்! ஆட்டத்தில் ஏறத்தாழப் பாதி நேரம் அவளாகவே ஆட வேண்டும். முதல் பாகத்தில் விரலை அழுத்தியவர்கள், அந்தக் குண்டு எந்த வீட்டில் போய் விழுந்தது என்பதை நின்று பார்க்கிறார்கள்.

ரசிகர்களில் ஒரு கூட்டத்துக்கு இது பொறுக்கவில்லை. ஆபியாக நடித்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. பிரியம் முற்றினால் என்ன ஆகும் என்று கதை சொன்னதோ, அதையே அவர்கள் நிஜத்தில் செய்து காட்டினார்கள். வெட்கக்கேடு. அதே ஆண்டு உலக அளவில் 'சிறந்த விளையாட்டு' விருதையும் அது வாங்கியது.

2023 ஜனவரியில் எச்.பி.ஓ. டி.வி. தொடராக எடுத்தது. பெட்ரோ பாஸ்கல் ஜோயலாகவும் பெல்லா ராம்சே எல்லியாகவும் நடித்தார்கள். விளையாட்டில் எல்லியாக நடித்த ஆஷ்லி ஜான்சன், தொடரில் எல்லியைப் பெற்ற தாயாக வந்தது நல்ல யோசனை. 2025-ல் இரண்டாம் பருவமும் வந்தது. தொடர் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதில் மரத்தட்டை வேறு யாரோ தள்ளுகிறார்கள். பார்ப்பவர் கை சும்மா இருக்கிறது.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது பெரியவர்களுக்கான விளையாட்டு. அட்டையிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். ரத்தமும் கொடுமையும் அதிகம். பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு உரியது அல்ல.

ஆஸ்பத்திரிக்குச் சற்று முன்னால் ஓர் இடம் உண்டு. சால்ட் லேக் சிட்டிக்கு வந்து சேர்ந்ததில் இருந்து எல்லி சரியாக இல்லை. பனிக்காலத்தில் பட்டது அவளை விட்டுப் போகவில்லை. சுவர் அருகே நின்று, ஏற்றிவிடுகிறேன் வா என்று ஜோயல் வழக்கம் போல் கூப்பிட்டால், ஓடி வருகிறவள் வரவில்லை. எங்கோ உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறாள். மறுபடி கூப்பிட வேண்டியிருக்கிறது. மேலே ஏறியவள் ஏணியை இறக்கும்போது, எதையோ கண்டு அதை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறாள். பதறிக்கொண்டு பின்னால் போனால், இடிந்த சுவர் ஓரம் ஓர் ஒட்டகச்சிவிங்கி இலை தின்றுகொண்டிருக்கிறது. மிருகக்காட்சி சாலையில் இருந்து தப்பியவை பெருகி, நகரத்தில் மேய்கின்றன. எல்லி அதைத் தடவிக் கொடுக்கிறாள். இருவரும் மேல் மாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். கீழே பச்சை வெளியில் அந்த மந்தை அசைந்து போகிறது.

இங்கே கடிகாரம் கிடையாது. அவசரப்படுத்த யாரும் வருவதில்லை. ஆடுபவர் பொத்தானை அழுத்தும் வரை ஜோயல் அந்த இடத்தை விட்டு நகர மாட்டான். முதல் தடவை ஆடுகிறவர்கள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டாம் தடவை ஆடுகிறவர்களுக்கு அடுத்து வருவது ஆஸ்பத்திரி என்பது தெரியும். அவர்கள் கைக்கருவியை மடியில் வைத்துவிட்டு வெகு நேரம் அங்கேயே இருக்கிறார்கள்.